ஆறாம் நம்பர் ஷூ

"அண்ணி, ஓடப் போற மனுஷனுக்கு வாட்ச் வேண்டாமாம், முதுகுல பை மட்டும் வேணுமாம். எனக்கென்னமோ சரியாப் படலை."

குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டே சொன்ன நாத்தனார், உதட்டைப் பிதுக்கினாள்.

அண்ணி மேசைப் பக்கம் திரும்பினாள்.

கணவனின் வாட்ச் மேசைமேல் கிடந்தது. அவன் எந்தத் தெருவில் ஓடுகிறான் என்பதை அந்த வாட்ச் வழியாகத் தினமும் காலையில் படுக்கையிலிருந்தே செல்போனில் பார்ப்பது அவள் வழக்கம். ஒரு நீலப் புள்ளி பூங்காவைச் சுற்றும், பாலம் ஏறும், வீடு திரும்பும். இந்த வாரம் முழுக்க அந்தப் புள்ளி மேசையை விட்டு நகரவே இல்லை.

"ஏங்க, வாட்சை மறந்துட்டுப் போறீங்களே?" என்று கேட்டும் பார்த்தாள்.

"மறக்கலை, வேணும்னேதான் வச்சுட்டுப் போறேன். கையில எதுவும் இல்லாம ஓடிப் பாரு, அது ஒரு தனி சுகம்."

சுகமாம் சுகம்!

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். நேற்றுத் துவைப்பதற்காக அவன் பையை எடுத்தபோது உள்ளே ஒரு பெட்டி இருந்தது. பெண்கள் ஓடும்போது போடுகிற ஷூ, புத்தம் புதுசு. ஒரு நொடி முகம் மலர்ந்தது. அப்புறம்தான் பெட்டியின் ஓரத்தில் இருந்ததைப் படித்தாள்.

ஆறாம் நம்பர்.

அவளுக்கு அஞ்சு. கல்லூரியில் ஓடிக் கோப்பை வாங்கிய நாளிலிருந்தே அஞ்சு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். குப்பிமேல் ஒரு எண் மாறினால் ஆளே மாறிவிடுவார் என்று தெரிந்தவள்.

அப்படியானால் ஆறு யார்?

குழந்தை பிறந்த பிறகு அவளும் வாட்சைக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தாள். நாளுக்கு நாள் வேகம் குறைந்ததுதான் மிச்சம். ஒருநாள் அந்த எண்ணைப் பார்த்து அழுதுவிட்டு, வாட்சைக் கழற்றி அலமாரிக்குள் போட்டாள். அதோடு சரி. 'நாம ஓடலைன்னதும் கூட ஓட வேற ஆள் கிடைச்சுட்டாளா?'

"யோசிக்காதீங்க அண்ணி. இப்பத்தான் முக்குத் திரும்புறார். பாப்பாவை நான் பாத்துக்கறேன், போங்க!"

போனாள்.

முதலில் நடைதான். அவன் ஓடினான், அவளும் ஓட வேண்டியதாயிற்று. வீட்டுச் செருப்பு 'பட் பட்'டென்று காட்டிக்கொடுத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நின்றிருந்த வேனுக்குப் பின்னால் பதுங்கினாள். அவன் பாலம் ஏறியதும் மறுபடி ஓடினாள்.

பாதி ஏற்றத்தில் மூச்சு தானாக ஒரு கதிக்கு வந்தது. கழுத்து வியர்வையில் காற்று பட்டது. வெறுங்கால்கள் அவளைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு பொங்கியது.

திடுக்கிட்டுப் போனாள். 'புருஷன் கைநழுவிப் போற நேரத்துல எனக்குச் சிரிப்பு வருதே, நான் என்ன ஜென்மம்!'

பாலம் தாண்டி, ஆற்றோர பெஞ்சில் அவன் உட்கார்ந்தான். பையைத் திறந்து ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். யாருக்கோ காத்திருக்கிறான்!

அவள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். வரட்டும் அந்த ஆறாம் நம்பர்.

யாரும் வரவில்லை.

"மரத்தைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பே? வா இங்கே" என்றான் அவன், திரும்பாமலே.

தூக்கிவாரிப் போட்டது. நேரே அவன் எதிரில் போய் நின்றாள்.

"யாருங்க அவ?" கையிலிருந்த செருப்பு அவனை நோக்கி நீண்டது. "எனக்குத் தெரிஞ்சாகணும். யார் அந்த ஆறாம் நம்பர்?"

"முதல்ல கையில இருக்கற செருப்பைக் கீழே போடு. பாக்கறவங்க தப்பா நினைப்பாங்க."

அவன் பெஞ்சை விட்டு இறங்கி மண்டியிட்டான். துண்டால் அவள் பாதத்துப் புழுதியைத் தட்டினான். ஷூவை மாட்டிவிட்டான். கால் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தது. எந்த விரலும் இடிக்கவில்லை.



"எனக்கு... எனக்கு அஞ்சுதானே?"

"பாப்பா பொறக்கற வரைக்கும் அஞ்சு. பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்குப் பாதம் கொஞ்சம் பெருசாகுமாம். உன் குதிகால் செருப்பை விட்டு வெளியே நிக்கறதை நானே போன மாசம்தான் கவனிச்சேன். இறுக்கற ஷூவுல காலை அமுக்கிக்கிட்டு ஓடினா வேகம் எங்கேர்ந்து வரும்? நீ வாட்சைப் பாத்துப் பாத்து அழுதே. காலை ஒருதடவை பாத்தியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழக்கதோஷம், கேட்டுவிட்டாள்.

"இப்ப என்ன வேகத்துல வந்தேன்?"

"யாருக்குத் தெரியும்? வாட்ச்தான் வீட்டுல இருக்கே. நீ எட்டிப் பிடிச்சுடாம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"இதை நேராச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? ஒரு வாரமா நான் செத்துப் பொழைச்சிருக்கேன்!"

"சொன்னேனே! நான் எப்பக் கூப்பிட்டாலும் 'என் ஓட்டம் முடிஞ்சு போச்சு'ன்னுதானே சொன்னே? அப்பத்தான் உன் நாத்தனார் யோசனை கொடுத்தா: 'அன்பாக் கூப்பிட்டா அண்ணி வாசப்படி தாண்ட மாட்டாங்க அண்ணா. வாட்சைக் கழட்டி வச்சுட்டுப் போ, உன் பின்னாடியே ஓடி வருவாங்க!'"