ஐந்து பேர் பட்டியல்

எழுபத்து நாலாம் வருடம். திருவொற்றியூர் ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் அன்று போட்டி. நிரல் எழுத எந்த மொழி மேல், கோபோலா, ஃபோர்ட்ரானா? தோற்ற மொழியை ஆலை கைவிடும்.

பணியாளர் பிரிவின் தலைமை எழுத்தர் இக்னேஷியஸ் கேள்வியைக் கொடுத்தார். "ராயபுரத்துக்காரன், கத்தோலிக்கன், பட்டதாரி, முப்பதுக்குள்ள, தனியாள். நாலாயிரம் பேர்ல யாரெல்லாம் தேறுவாங்க? வயசு வரிசையில வேணும்."

கோபோல் பக்கம் போட்டியிட்ட ஃபிலோமினாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வரிசைப்படுத்தும் கட்டளை கோபோலிலேயே இருந்தது. ஃபோர்ட்ரான்காரன் செல்வநாதன் அதையும் தானே எழுதியாக வேண்டும்.

"இன்னா செல்வா, இன்னும் எழுதிக்கினே கீற?" என்று சீண்டிவிட்டு, அச்சான தாளை நீட்டினாள். "அஞ்சு பேர், சார்."

இக்னேஷியஸ் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கோபோல் ஜெயிச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நானும் உங்கம்மாவும் இந்த அஞ்சு வூட்டுக்கும் போறோம். நம்ம குடும்பத்துக்கு ஏத்த மாப்பிள்ளை இதுல ஒருத்தன்தான்."

ஆபீசில் அப்பா என்று அழைக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஃபிலோமினா முதன்முறையாக அதை மீறினாள்.

"அப்பா, பொண்ணுக்குப் புடிக்கணும்னு ஒரு நிபந்தனைய விட்டுட்டீங்க. அதையும் சேர்த்து ஓட்டினா ஒரே பேருதான் வரும்."

எதிர் மேசையில் செல்வநாதன் எழுதுவதை நிறுத்தினான். பட்டியலில் மூன்றாவது பெயர் அவனுடையது.