ஒரு வரி விடுபட்ட பட்டியல்

அது செவ்வாயா புதனா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் நினைவிருக்கிறது. பிற்பகல் வெயில் தூசி படிந்த கண்ணாடி வழியாக வந்து, அடுத்த மேசையில் அலுவலக மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பனின் கைகளில் விழுகிறது. அலுவலக மின்னஞ்சல் முகவரிகள் நாற்பத்தொன்றையும் ‘உள்ளே மட்டும்’ என்ற பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அன்று மாலை ஐந்து மணியிலிருந்து அந்த முகவரிகளுக்கு வெளியிலிருந்து வரும் எதையும் சர்வர் ஏற்காது. ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சாவிக்கொத்தை விரலில் சுற்றியபடி அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். “என் பேரை மட்டும் விட்டுடேன் தம்பி.” “உங்களுக்கு வெளியிலேர்ந்து யாருக்கா எழுதப்போறாங்க?” “என் பொண்ணு. ஆறு வருஷமாப் பேச்சில்ல. போன வாரம்தான் மெயில் போட்டேன். அவகிட்ட இருக்கறது இந்த முகவரி ஒண்ணுதான்.” அவன் கண்களைக் கசக்கிக்கொள்கிறான். “உங்க பொண்ணு பதில் போட்டா, இப்படி ஒரு ஆளே இல்லேன்னு திரும்பிப் போகும்.” சாவிகளின் சத்தம் நின்றுவிடுகிறது. அவன் அக்காவின் வரிக்கு முன்னால் # என்று ஒரு குறி போடுகிறான். குறி போட்ட வரியை சர்வர் படிக்காது. “மேனேஜர் கேட்டா எனக்குக் கண்ணு மங்கலுன்னு சொல்லிக்கறேன். நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்.” அக்கா தலையசைக்கிறார். போகும்போது சாவிகளை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

மேனேஜர் கேட்கவே இல்லை. நண்பன் வேறு வேலைக்குப் போய்விட்டான். மூன்று வருடம் கழித்து அக்கா ஓய்வுபெற்றார். மகள் எழுதவில்லை. அந்தப் பட்டியல் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. குறியை நான் எடுக்கவில்லை.