தம்மம்பட்டித் தவிடு

தெய்வநாயகி தவிட்டை அள்ளி முகர்ந்தாள். காறிப்போன எண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. தம்மம்பட்டியிலிருந்து சந்தை வண்டியில் வந்த மூட்டை. வீணாக்காமல் சேவல்களின் தொட்டியில் கொட்டினாள். கோழிகளுக்கு நல்ல தவிடு போட்டாள்.

1979-ஆம் வருஷக் கோடை முழுக்க இப்படித்தான். நாமக்கல் பக்கத்து அந்தப் பண்ணையில் ஒரு முட்டைகூடக் குஞ்சு பொரிக்கவில்லை.

“எல்லாம் மலட்டுக் கோழிக,” என்றான் சென்னியப்பன். “வித்துப்போட்டு வேற வாங்கோணும். ஊட்டுலயும் அதைத்தான் செய்யப்போறேன்.”

செய்யக்கூடியவன்தான். இந்தப் பண்ணையைக் கட்டிக் காத்த முதல் மனைவி அத்தாயியை, மலடி என்று ஊர்க்கூட்டத்தில் நிறுத்தித் தீர்த்து அனுப்பிவிட்டவன். அடுத்து தெய்வநாயகி. அவளையும் அனுப்பிவிட்டு மூன்றாவது பெண் பார்க்கப் பங்காளிகளைக் கூட்டியிருந்தான்.

அன்றைக்கே கால்நடை டாக்டர் அமிர்தசாமியும் வந்தார். இதே கோழிகளைப் பக்கத்துப் பண்ணைச் சேவல்களோடு விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தவர் அவர். அப்படிக் கிடைத்த முட்டை ஒன்றை எல்லோர் முன்னாலும் விளக்குக்கு நேரே பிடித்தார்.

“சிலந்தி வலையாட்டம் ரத்த நரம்பு தெரியுதுங்களா? கரு புடிச்சிருச்சு. அதே கோழி, வேற சேவல்.”

“எங்க சேவல் நல்லாத்தானுங்க கூவுது. மிதிக்கறதுலயும் குறையில்லீங்க,” என்றான் சென்னியப்பன்.

“கூவுறதுக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லைங்க. நல்ல தவிட்டுல வைட்டமின் ஈ இருக்கும். சேவலோட வித்துல இருக்கிற கொழுப்பு கெடாம அதுதான் காவல் காக்கும். தவிடு காறிப்போனா முதல்ல அழியறது அந்தக் காவல்தான். அப்புறம் வித்துல உயிர் இருக்காது.”

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது. பண்ணை பிழைத்தது.

“கேட்டுக்கங்க பெரியப்பா,” என்று நாச்சிமுத்துவிடம் திரும்பினான். “குத்தம் கோழி மேல இல்ல. சேவல் மேலதான்.”

“ஏன்டா, இத்தன வருசமா கோழி வளக்கறே. சேவலையும் ஒருக்காப் பாக்கோணும்னு தோணலையா?” என்றார் பெரியவர். பங்காளிகள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தான்.

டாக்டர் சேவல் தொட்டியை முகர்ந்தார். “இந்தத் தவிட்டை யாருங்க அனுப்பினது?”

தெய்வநாயகி காபித் தட்டைக் கணவன் முன்னால் வைத்தாள்.

“தம்மம்பட்டிக்கு வாக்கப்பட்டுப் போன நம்ம அத்தாயி அக்காதானுங்க, ரெண்டாவது கொழந்தைக்குக் காது குத்தறாங்களாம், உங்களையும் வரச் சொல்லுச்சு.”