கதவு தட்டும் காட்சி

மேடையின் ஒரு பாதியில் அண்ணன் அடுத்த வார நாடகத்துக்கான பலகைச் சுவருக்கு ஆணி அடிக்கிறான். மறுபாதியில் தங்கை, சனிக்கிழமை திரையிடப்போகும் ஊமைப்படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதற்குப் பியானோ வாசித்துப் பழகுகிறாள். அவள் விரல் வைக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே அவன் சுத்தியல் இறங்குகிறது. "அண்ணா, கொஞ்சம் நிறுத்தித் தொலை." "ஊமைப்படத்துக்கு எதுக்குடி அமைதி?" என்று வாயில் கவ்விய ஆணிகளோடு இளிக்கிறான். அவள் பல்லைக் கடிக்கிறாள். திரையின் சாம்பல் வெளிச்சம் அவள் கழுத்து நரம்பில் துடிக்கிறது. படத்தில் தொப்பிக்காரன் ஒருவன் சாத்திய கதவின் முன்னே கையை ஓங்குகிறான். சட்டென்று அவள் விரல்களை எடுத்துவிடுகிறாள். டொக், டொக், டொக். ஓர் அடிகூடப் பிசகாமல் சுத்தியல் தட்டுகிறது. திரையில் கதவு திறக்கிறது. அண்ணன் திரும்பிப் பார்க்கிறான். சுத்தியல் ஓங்கிய அவன் கை அந்தரத்தில் நிற்கிறது. "சனிக்கிழமையும் வந்துடு," என்கிறாள் அவனைப் பார்க்காமலே. "சுத்தியலை நல்லாத்தான் வாசிக்கிற."