மின்சிறகி தப்பிக்கும் அத்தியாயம்

நாற்பத்தோராம் அத்தியாயம் வந்துவிட்டது.

பூட்டுக்கடைக்காரன் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான். பாதி வெட்டிய சாவி மெஷினிலேயே கிடந்தது.

"அண்ணே, சாவி ஆச்சா?" என்றார் கடை வாசலில் நின்றவர்.

"பொறுங்க சார். இங்க ஒரு உசுரு ஊசலாடிட்டு இருக்கு."

அவர் பதறிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ பாவம் என்று நினைத்திருப்பார்.

ஊசலாடியது மின்சிறகியின் உயிர். சின்ன வயதில் இவன் விழுந்து விழுந்து படித்த காமிக்ஸின் நாயகி. பறப்பாள், இடியைக் கையில் பிடிப்பாள். அந்தக் காமிக்ஸ் நின்றுபோய் இருபது வருஷம் ஆகிறது. நின்றால் என்ன, ரசிகர்கள் விட்டுவிடுவார்களா? தூக்கணாங்குருவி என்ற பெயரில் யாரோ ஒரு மகராசி அவள் கதையை இணையத்தில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆனால் இந்தக் கதையில் மின்சிறகி பறப்பதே இல்லை. கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட வில்லன், சிறகைக் கழற்றி ஒளித்துவிட்டு அவளை ஒரு கோபுரத்து அறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தான். முப்பது அத்தியாயமாக அதே அறை. ஒரே ஜன்னல், அதிலும் கம்பி. கதவிலிருந்து ஜன்னல்வரை பதினோரு அடி. நடந்து நடந்து அந்தப் பதினோரு அடியே அவளுக்கு உலகமாகிவிட்டது. மத்தியானம் வில்லன் வருவான், சாப்பிடுவான், "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்பான், மறுபடி பூட்டிக்கொண்டு போவான்.

படிக்கப் படிக்க இவனுக்கு மூச்சு முட்டும். நல்லதுக்காம் நல்லது! இவனெல்லாம் உருப்படுவானா என்று கருத்துப் பெட்டியில் கொட்டித் தீர்ப்பான். அங்கே இவன் பெயர் திறவுகோல். எந்த அத்தியாயம் வந்தாலும் முதல் பாராட்டு திறவுகோலுடையதுதான். அம்மா தாயே, அழவைத்துவிட்டீர்கள், எப்படியாவது அவளை வெளியே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சாத நாளில்லை.

முப்பத்தொன்பதாம் அத்தியாயத்தில்தான் வந்தது வினை. மின்சிறகி கொண்டை ஊசியை விட்டு ஏழு லீவர் பூட்டைத் திறக்கப் பார்த்தாள்.

இவனுக்கு மனசு ஆறவில்லை. கொண்டை ஊசியாவது, ஏழு லீவராவது! இருபத்திரண்டு வருஷமாக இதே தொழிலில் இருக்கிறவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கட்டைவிரல் வலிக்க வலிக்க எழுதினான். பூட்டை விடுங்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கிறதென்றால் கீலும் உள்பக்கம்தான் இருக்கும். கீலுக்குள் ஓடும் கம்பியில் ராத்திரி நாலு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். காலையில் கரண்டிக் காம்பை அடியில் கொடுத்து மேல்நோக்கித் தட்டினால் கம்பி கழன்று வந்துவிடும். அப்புறம் எந்தப் பூட்டு என்ன செய்யும்?

இன்றைக்கு அவள் அச்சு அசலாக அதையே செய்தாள்.

மேல் கீல் கழன்றது. நடுக் கீலும் கழன்றது. கீழ்க் கீல் மட்டும் மக்கர் பண்ணியது. தட்டுடி, தட்டு என்று இவன் வாய்விட்டே சொல்லிவிட, ஸ்டூலில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

கழன்றது!

கதவு பெயர்ந்தது. மின்சிறகி சிறகில்லாமலே, படிக்கட்டு வழியாக, கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்து இறங்கிப் போனாள்.

இவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் அடைத்துக்கிடந்த நெஞ்சு இப்போதுதான் திறந்தது. முற்றும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு குறிப்பு.

"திறவுகோல் அவர்களுக்கு நன்றி. உங்கள் பாராட்டு மட்டும் இல்லையென்றால் இந்தக் கதை எப்போதோ நின்றிருக்கும். கொண்டை ஊசி என்று வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினேன். பூட்டு விஷயத்தில் யார் தப்பாகச் சொன்னாலும் உங்களுக்குப் பொறுக்காதே."

அதெப்படி இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தாள் என்று பூரித்துப்போனான். சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனான்.

"பாதிப் பாராட்டை என் பக்கத்துல உக்காந்துதான் எழுதினீங்க. சாப்பாடு மேசையில மூடி வச்சிருக்கேன். கதவைத் தள்ளிடாதீங்க. சும்மா சாத்தி நிறுத்தியிருக்கேன், மேல விழுந்துடும்."

சிரிப்பு அப்படியே நின்றது. கை தானாக இடுப்புக்குப் போனது.

காலையில் மனைவியை உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டிவிட்டு எடுத்து வந்த சாவி பத்திரமாகத்தான் இருந்தது.