வெண்ணெய் டப்பா

தையல்காரர் உடம்புக்குக் கோதுமையே ஆகாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அன்றே வீட்டிலிருந்த ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் அவர் மனைவி குப்பையில் கொட்டினாள். “நீங்க தொடாததை நானும் தொடமாட்டேன்” என்று சபதம் வேறு.

அவித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயுமாக அவர் காலத்தைத் தள்ளினார். நாக்கு செத்துப்போனதுதான் மிச்சம். இன்றைய ரத்தப் பரிசோதனை காலை வாரிவிட்டது.

“கோதுமை இன்னும் உள்ள போகுதாமே! கடையில உக்காந்து என்ன தின்னீங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

“பொய் சொல்லாதீங்க! கோதுமை ஒட்டக்கூடாதுன்னு பாத்திரத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை ஓஞ்சு போச்சு.” அவள் குரல் உடைந்தது. “எனக்கு மட்டும் ஆசை இல்லையா?”

அவர் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடத் தெம்பில்லை.

“பக்கத்துக் கடையில பன். தினம் ஒண்ணு.”

“அப்படி வாங்க வழிக்கு! இனிமே?”

“தொடமாட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கிழங்குத் தட்டை வைத்தாள். அவர் வெண்ணெய் டப்பாவைத் திறந்தார். வெண்ணெயில் பழுப்பாக நாலைந்து ரொட்டித் துகள்கள். டப்பாவை மூடி, தள்ளி வைத்தார்.

பிறகு, துணியிலிருந்து நூல் பிசிறை எடுப்பதுபோல, அவள் தோளில் ஒட்டியிருந்த துகளை இரண்டு விரலால் எடுத்தார்.

“பன்னைக் கண்ணால பார்த்தே ஆறு மாசமாச்சு. நாளையிலேர்ந்து உன் ரொட்டிக்குத் தனியா வெண்ணெய் வச்சுக்கோம்மா.”