பத்து எண்ணும் பாலம்

சாப்பாட்டு இடைவேளையில் அஷ்வின், திருப்பதி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இந்திராணிக்குத் தன் கைப்பேசியில் அந்த மாயாஜால விளையாட்டைக் காட்டினான்.

“இந்த உலகத்துக்குன்னு தனி பாஷை, தனி பழக்கம் எல்லாம் இருக்குதுக்கா. ஆடுறவங்களே உண்டாக்கினது. இந்தப் பாலத்தாண்ட வந்தா யாரா இருந்தாலும் நிப்பாங்க. ‘நைனா வரட்டும்’னு சொல்லி, பத்து எண்ணிட்டுதான் தாண்டுவாங்க.”

“யாரு நைனா?”

“இங்க அவருதான் தேவுடு. பிரேசில்காரன்கூட கும்பிடுறான், பாருங்க.”

திரையில் நான்கு வீரர்கள் வாளைத் தாழ்த்தி நின்றார்கள். இந்திராணி சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

“தேவுடு இல்ல அஷ்வின். எங்க நைனா, என்னைப் பெத்த அப்பா. வேலை முடிஞ்சு கம்பெனி பஸ்ல வந்துகினே என்னோட ஆடுவாரு. சத்தியவேடு ரோட்டுல போன் சிக்னல் போயிடும், ஆட்டத்துல இந்தப் பாலத்தாண்ட பின்னாடி நின்னுடுவாரு. ‘நைனா வரட்டும், பத்து எண்ணுங்க’ன்னு கூட ஆடுறவங்களுக்கு நான்தான் சொல்லுவேன்.”

“இப்பவும் ஆடுறாராக்கா?”

“அவரு போயி மூணு வருஷம் ஆவுது.”

அவள் தன் கைப்பேசியைத் திறந்து காட்டினாள். அதே பாலத்தின் இந்தப் பக்கம், அவளுடைய வீராங்கனை இன்னும் தாண்டாமல் நின்றிருந்தாள்.